கொம்பில்லாத வண்டுகள்

ஜூன் 11

பொள்ளாச்சி டாக்டர் ஒரு நோட்டு போடச் சொல்லிவிட்டார். இவருக்கு எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தேன், கொடுத்த பிறகு கை நடுக்கம் எவ்வளவு நேரம் அடங்கியிருந்தது என்று தினமும் குறிக்க வேண்டுமாம். வீட்டில் போன வருஷத்து டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது. தேதியை மட்டும் பார்த்துக்கொண்டு, கிழமையை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

காலை 8: ஒன்று. 8.40க்கு அடங்கியது. 11.30க்கு மறுபடி ஆரம்பம்.

மதியம் காளான் உடைத்தோம். உடைத்தேன் என்று எழுதினால் போதும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி உடை, அப்படி உடை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 12

8, 12, 4, 8. நடுக்கம் பரவாயில்லை. மழை.

ஜூன் 20

டாக்டர் மாத்திரையைத்தான் எழுதச் சொன்னார். பக்கம் நிறைய இடம் மீதியாகிறது. மற்றதையும் எழுதி வைக்கிறேன்.

இவர் வால்பாறை மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் தாவரவியல் வாத்தியார். தெய்வசிகாமணி சார் என்றால் இங்கே எல்லா எஸ்டேட்டிலும் தெரியும். ஓய்வு பெற்றபின் மரக்காளான்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். பட்ட மரத்தில் தட்டுத் தட்டாக முளைத்து விறகுபோல் இறுகிப்போகுமே, அது. பிறகு அதற்குள் வாழும் வண்டுகள்மேல் ஆசை பிடித்துக்கொண்டது. கடுகில் பாதி இருக்கும். காளானையே தின்று, அதற்குள்ளேயே முட்டையிட்டு, அதற்குள்ளேயே சாகிறவை. வெளியே இருந்து பார்த்தால் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டைகள் மட்டும் தெரியும்.

நம் மலையில் இவற்றை யாரும் சரியாகப் பார்த்ததில்லை என்று இவர் சொல்கிறார். அது உண்மையாகத்தான் இருக்கும். இதைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இரண்டு வருஷமாகக் கை நடுங்குகிறது. தூரிகை முனையால் வண்டை எடுக்கப் போனால் வண்டு நசுங்கிவிடும். அதனால் எடுப்பது, சின்ன அட்டையில் ஒட்டி ஊசியில் குத்துவது, படம் வரைவது, விவரச் சீட்டு எழுதுவது என் வேலையாயிற்று. எனக்கு அதில் ஒன்றுமில்லை. கண் நன்றாகத் தெரிகிறது, கையும் ஆடாமல் நிற்கிறது.

பின்கட்டில் பட்டுப்போன பலாமரத்துக் காளானிலிருந்து இன்று பதினான்கு வண்டுகள். ஒன்பதுக்குத் தலையில் இரண்டு சின்னக் கொம்புகள். இவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். தலையும் ஆடுவதால் கண்ணைக் குழாயில் நிறுத்த முடியவில்லை. கடைசியில், "நீ வரைஞ்சு காட்டு வேதா" என்றார். வரைந்தேன். புத்தகத்தில் இருக்கும் எதுவோடும் சேரவில்லை. இவர் முகத்தை அப்படி மலர்ச்சியாகப் பார்த்து நாளாயிற்று.

ஜூலை 9

கொம்பில்லாத ஐந்து வண்டுகளும் வேறு இனம் என்கிறார் இவர். ஒரே காளானில் இரண்டு புது இனம். யாருக்குக் கிடைக்கும் இப்படி என்று மூன்று முறை சொன்னார். சுகந்திக்குப் போன் போட்டுச் சொல்லச் சொன்னார். மகள் கோயம்புத்தூரில் ஆபீசில் இருந்தாள். "நல்லதும்மா, அப்பா மாத்திரை போட்டாரா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

ஜூலை 22

காளான் துண்டுகளைப் போட்டு, வாயில் மல் துணி கட்டி வைத்திருக்கும் டப்பாவை இன்று திறந்தேன். ஒரு கொம்பு வண்டு கொம்பில்லாததன் மேல் ஏறியிருந்தது. சண்டையா என்று பார்த்தேன். சண்டை இல்லை. பதினெட்டு நிமிஷம் அப்படியே இருந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி.

இவரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, இது ரெண்டும் ஒண்ணுதானுங்க. கொம்புள்ளது ஆணு, இல்லாதது பொண்ணு. பாருங்க, சேர்ந்திருக்குது."

இவர் டப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சின்ன இடத்துல அடைச்சு வச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறத்தான் செய்யும். அதையெல்லாம் கணக்குல எடுக்கக் கூடாது."

இந்த வகையில் ஆணுக்கு வயிற்றின் அடியில் ஒரு சின்னக் குழி, குழியில் மயிர்க்கற்றை இருக்குமாம். இவருக்குப் பழக்கமான பூச்சியியல் பேராசிரியர் சற்குணம் அனுப்பிய வெளிநாட்டுக் கட்டுரையில் போட்டிருந்தது. இவருக்குப் பக்கம் புரட்ட வராததால் நான்தான் படித்துக் காட்டினேன். நாலைந்தைப் புரட்டி வைத்துப் பார்த்துவிடலாமே என்றேன். அட்டையில் எப்போதும் முதுகு மேலே தெரியத்தான் ஒட்ட வேண்டும், வந்த வண்டுகளைப் பாழாக்காதே என்றார்.

சரி என்றுவிட்டேன். பிரியாமல் இருந்த இரண்டாவது ஜோடியை வெந்நீரில் போட்டு, அப்படியே ஒரே அட்டையில் பக்கவாட்டில் ஒட்டினேன். தேதியும் நேரமும் எழுதினேன். வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

4 மணி மாத்திரை 4.50க்கு. என் தவறு.

ஆகஸ்ட் 3

பேராசிரியர் சற்குணம் வந்தார். கீழே ஒரு கல்லூரியில் பூச்சியியல் துறைத் தலைவர். அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குள் இரண்டு புது இனம் அச்சில் வந்தால் நல்லது என்று அவரே சொன்னார். மறைக்கவில்லை, அந்த மட்டும் நல்ல மனுஷன்.

கொள்ளுப் பருப்பு, அரிசி வடகம், கத்தரிக்காய்ப் பொரியல், ரசம். சாப்பிடும்போது நான் கேட்டேன். "சார், அந்தக் கொம்பில்லாததை வயித்துப் பக்கம் பாக்க வேண்டாங்களா?"

பேராசிரியர் கை நின்றது. இவர், "வேதா, தயிர் எங்க?" என்றார். நான் உள்ளே போய்த் தயிர் எடுத்து வருவதற்குள் பேச்சு மழைக்குப் போயிருந்தது. "அம்மா, கொள்ளுப் பருப்பு பிரமாதம்" என்றார் பேராசிரியர்.

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதற்கு?

ஆகஸ்ட் 4

8, 12, 4, 8. பாத்திரங்கள் நேற்றே கழுவியாயிற்று.

அக்டோபர் 2

இந்த இரண்டு மாதத்தில் புதிதாக வெளிவந்தவற்றையும் சேர்த்து அறுபத்து நான்கு வண்டுகள், அறுபத்து நான்கு அட்டைகள், அறுபத்து நான்கு சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஊர், உயரம், மரம், தேதி. சேகரித்தவர்: கா. தெய்வசிகாமணி. அரை அரிசி உயரத்துக்கு எழுத்து. மைக்ராஸ்கோப் படங்கள் பதினொன்று, இந்தியன் இங்க்கில். கொம்பில்லாததன் முதுகை வரைய மூன்று நாள் ஆயிற்று. பெண் வண்டுதான் என்று தெரிந்தே வரைந்தேன்.

பவானியில் கல்லூரியில் சேர்த்துவிட்டபோது விலங்கியல்தான் எடுத்தேன். இரண்டாம் வருஷம் கல்யாணம். கரப்பான் பூச்சியை அறுத்து நரம்பு மண்டலத்தை முழுசாக எடுத்தது வகுப்பில் நான் மட்டும்தான். இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இவர் குளியலறையில் இருக்கிறார், கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜனவரி 28

டைரி தீர்ந்துவிட்டது. சுகந்தி புதுசு அனுப்பியிருக்கிறாள்.

இதழ் வந்தது. பூச்சியியல் ஆராய்ச்சி இதழ், அதில் பேராசிரியரும் இவரும் சேர்ந்து எழுதிய முப்பத்திரண்டு பக்கக் கட்டுரை. முதல் வண்டுக்குப் பேராசிரியர் சற்குணத்தின் பெயர். இரண்டாவதற்கு, கொம்பில்லாததற்கு, இவர் பெயர். ஒருவருக்கொருவர் வைத்துக்கொண்டார்கள். வண்டின் லத்தீன் பெயர் 'தெய்வசிகாமணியி' என்று முடிகிறது. இவர் அந்த வரியில் விரலை வைத்தார். விரல் ஆடியது. எடுக்கவில்லை.

பதினொரு படமும் நன்றாக அச்சாகியிருக்கின்றன. கடைசியில் நன்றி: எஸ்டேட் மேலாளருக்கு, கல்லூரி முதல்வருக்கு, "உதவிய குடும்பத்தினருக்கு".

பாயசம் வைத்தேன். இவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

பிப்ரவரி 17

பள்ளியில் பாராட்டு விழா. பழைய மாணவர்கள் சால்வை போர்த்தினார்கள். மேடையில் இவர் இருபது நிமிஷம் பேசினார். 11 மணிக்கு ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்திருந்ததால் நடுக்கம் இல்லை. வண்டுகளை ஒரு தூரிகை முனையால் எப்படி எடுக்க வேண்டும் என்று கையை அசைத்துக் காட்டினார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மே 6

திருவனந்தபுரத்திலிருந்து ஷெரின் என்ற ஆராய்ச்சியாளர் கடிதம் எழுதியிருந்தார். சொந்த ஊர் நாகர்கோவில் என்று கடைசியில் எழுதியிருந்தார். தென்னிந்தியக் காளான் வண்டுகள் எல்லாவற்றையும் பார்த்து வருகிறாராம். இரண்டு இனத்திலும் சில வண்டுகளைப் பார்க்க அனுப்ப முடியுமா, திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கேட்டிருந்தார். இவருக்குப் பெருமை. உடனே அனுப்பு என்றார்.

மரப்பெட்டியில் தக்கை விரித்து, ஒவ்வொரு ஊசியாகக் குத்தி, சுற்றிலும் பஞ்சு வைத்தேன். கொம்புள்ளவை பத்து, இல்லாதவை பத்து. பெட்டியில் இன்னும் ஓர் ஊசிக்கு இடம் இருந்தது. சும்மா விடுவானேன் என்று என் அட்டை ஒன்றையும் வைத்தேன்.

தபால் ஆபீசில் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, வரும்போது கீரை வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 14

கடிதம் வந்துவிட்டது. படிக்கும்போது இவர் குரல் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. மீதியை நான் படித்தேன்.

மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார் ஷெரின். வெந்நீரில் பசையைக் கரைத்து, கொம்பில்லாத பத்து வண்டுகளையும் புரட்டிப் பார்த்தாராம். ஒன்றிலும் வயிற்றில் குழி இல்லை. பத்தும் பெண். கட்டுரைக்கு ஆதாரமாகக் கல்லூரியில் வைத்திருந்த வண்டையும் போய்ப் பார்த்திருக்கிறார். அதுவும் பெண். அனுப்பிய பெட்டியிலேயே புணர்ச்சியில் இருந்த ஜோடி ஒன்று ஒரே அட்டையில் இருந்ததாகவும், கட்டுரை வெளிவருவதற்கு ஆறு மாதம் முந்தைய தேதி அதில் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆகவே இரண்டும் ஓர் இனமே, இரண்டாவது பெயரை நீக்க வேண்டியிருக்கும், வெளியிடும் முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன் என்று முடித்திருக்கிறார்.

இரண்டாவது பெயர் என்றால் இவர் பெயர்.

இவர் என்னைப் பார்த்தார்.  நான் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன்.

12 மணி மாத்திரையைத் துப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 15

எழுந்திருக்கவில்லை. கஞ்சி அரைத் தம்ளர்.

ஆகஸ்ட் 19

பேராசிரியர் வந்தார். இருவரும் அறைக்குள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் என் முகத்தைப் பார்க்காமல், ரொம்பப் பணிவாகப் பேசினார்.

அவர் சொன்னது இது. கொம்பில்லாத இனத்தின் ஆண் வண்டுகள் வேறொரு டப்பாவில் இருந்தன. ஒட்டும்போதும் சீட்டு எழுதும்போதும் டப்பா மாறிவிட்டது. முதல் இனத்தின் பெண் வண்டுகளுக்கு இரண்டாம் இனத்தின் சீட்டு போய்விட்டது. உண்மையான வண்டுகள் தவறிப்போயின. இப்படி ஒரு சின்ன விளக்கம் இதழில் வந்தால், பெயர் போனாலும் மரியாதை போகாது. சீட்டு எழுதிய உதவியாளர் ஒரு வரி உறுதி செய்து கையெழுத்துப் போட்டால் போதும்.

அப்படி ஒரு டப்பா இருந்ததே இல்லை.

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வயசான காலத்துல எல்லாருக்கும் மாறும் வேதா. யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

எனக்கு அறுபத்தொன்று. இவருக்கு அறுபத்தொன்பது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் இவரிடம் அந்தச் சொல்லை இதற்கு முன் சொன்னதாக ஞாபகம் இல்லை. இருவரும் கொஞ்சம் திகைத்தது தெரிந்தது. காபி போடப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 23

சுகந்தி வந்தாள். அப்பாவைப் பார்த்து அழுதாள். நான்கு கிலோ இளைத்துவிட்டார். பிறகு சமையற்கட்டுக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஜோடி அட்டையைத் தவிர.

காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "அம்மா, உன்னை யாருக்குத் தெரியும்? உனக்கு இதுல போறதுக்கு என்ன இருக்குது? அப்பாவுக்கு இது ஒண்ணுதாம்மா" என்றாள்.

அவள் தப்பாகச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாதுதான்.

பீன்ஸை ரொம்பப் பொடிசாக நறுக்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 24

கையெழுத்துப் போட்டேன். இவர் மதியம் ரசம் சாதம் சாப்பிட்டார். 8, 12, 4, 8, நான்கும் தவறாமல்.

செப்டம்பர் 10

ஷெரின் வீட்டுப் போனில் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். இவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னப் பெண்ணின் குரல். இதழாசிரியர் விளக்கத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறார் போலும்.

"அம்மா, நீங்கதான் சீட்டு எழுதினீங்களா?"

"ஆமாங்க."

"டப்பா மாறினது எப்போன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லீங்க. வயசாயிருச்சு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "நான் அறுபது எழுபது பேரோட சேகரிப்பைப் பார்த்திருக்கேன் அம்மா. இவ்வளவு சுத்தமா எழுதின சீட்டை எங்கேயும் பார்க்கல. மாத்தி வைக்கிற கையில்ல இது. அந்த ஜோடி அட்டையும் இதே கைதான்."

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த அட்டைங்க? தெரியாம கலந்து வந்திருக்கும்" என்றேன்.

"சரிம்மா" என்றார் ஷெரின். வைக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நான்தான் வைத்தேன்.

யாரென்று இவர் கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார். சொன்னேன். "நல்லாப் பேசினே" என்றார்.

பிறகு துணி மடித்தேன். ஒரே சட்டையை மூன்று முறை மடித்தேன்.

அக்டோபர் 21

விளக்கத்தின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. எட்டே வரி. இவர் படித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றார். எதற்கும் நீயும் ஒரு முறை பார் என்று கொடுத்தார். பிழை பார்ப்பதும் என் வேலைதான்.

ஆங்கிலத்தில் இருந்தது. "சீட்டு எழுதும் பணியைச் செய்த உதவியாளர் திரு. வேதநாயகத்தின் கவனக்குறைவால்" என்று போட்டிருந்தது.

இவர் படித்துப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான் என் கைக்கு வந்தது.

சிவப்புப் பேனா எடுத்தேன். ஆண்பால் அடைமொழியை அடித்தேன். வேதநாயகத்தை அடித்து, ஓரத்தில் வேதநாயகி என்று தெளிவாக எழுதினேன். மற்றபடி எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

நவம்பர் 19

இதழ் வந்தது. ஷெரினின் கட்டுரை முன்னால், எங்கள் எட்டு வரி பின்னால். என் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறது. அச்சில் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கல்யாணப் பத்திரிகையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவர் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். முகம் தெளிவாக இருந்தது. மதியம் குடையை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து போனார். விழுந்துவிடுவாரோ என்று வாசலிலேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத் துணிப்பையோடு வந்தார். எஸ்டேட் பாதையில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தில் பெரிய காளானாம். அடியெல்லாம் ஓட்டை. உடைத்துப் பார்த்தேன். என்னால் மறுக்க முடியவில்லை, உள்ளே இருந்தவை இதுவரை நான் பார்க்காத மாதிரிதான் இருந்தன. செம்பட்டை நிறம்.

"குப்பியில போடு வேதா. முதல்ல சீட்டை எழுதிரு" என்றார்.

"நான் எழுதலீங்க."

"ஏன்?"

"மாத்தி எழுதிருவனுங்க. கவனக்குறைவு. அச்சுலயே வந்திருச்சு."

நான் கத்தவில்லை. மாத்திரை நேரம் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

இவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார்.  பிறகு பேனாவைத் தானே எடுத்து, மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். முதல் சீட்டில் மை பரவிவிட்டது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவதில் தேதி தெரிந்தது, ஊர் தெரியவில்லை. நான்காவதில் எதுவும் தெரியவில்லை. ஐந்தாவதை எடுத்தார்.

அடுப்பில் ஒன்றும் இல்லை, துணியும் காயவில்லை, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எழுந்து போயிருக்கலாம். எதிரே உட்கார்ந்து கடைசிச் சீட்டுவரை பார்த்தேன்.